தோய்க்காத போர்வை

சாக்கு ஊசியால் பிள்ளைகளுக்குப் போர்வை தைத்த மனிதன் கண்டாவளைப் பக்கத்தில் வினோதன் ஒருவனாகத்தான் இருப்பான். வேறு யாரும் தைத்திருந்தால் வெளியில் சொல்லியிருக்க மாட்டார்கள். வினோதனும் சொல்லவில்லை. கொடியில் காயப்போட்டதைத்தான் ஊர் கண்டது. ஆனால் அவன் தைத்த இரண்டு போர்வைகளில் ஒன்று கொடிக்கு வந்ததே இல்லை. தோய்த்தால்தானே கொடிக்கு வரும்.

அவனுக்கு அரிசி ஆலையில் மூட்டை வாய் தைக்கிற வேலை. மெசின் வந்த பிறகும் கரண்ட் நின்றால் அவனைத்தான் கூப்பிடுவார்கள். விரல் நீள ஊசி, நுனி கொஞ்சம் வளைந்தது. குத்தி, இழுத்து, இறுக்கி, அடுத்த குத்து. நெல் சிந்தாமல் இருந்தால் போதும், வடிவு தேவையில்லை. அறுவடை இல்லாத மாதங்களில் ஆலை படுத்துவிடும். அப்போது வாய்க்காலுக்கு அங்கால் கமலாசனியின் வயலில் மருந்தடிப்பான், உரம் எறிவான், வரம்பு கட்டுவான். கமலாசனியின் ஆட்கள் குளத்துத் தண்ணீரை நம்பி யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறியவர்கள். வினோதனின் ஆட்கள் எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தோடு தேயிலைத் தோட்டத்தை விட்டு ஓடிவந்து காடு வெட்டியவர்கள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு வாய்க்கால்தான். அதைக் கடந்து கமலாசனி வீட்டுக் குசினிவரை போக வினோதனின் ஆட்களுக்கு ஒரு தலைமுறை பிடித்தது.

வினோதனின் மனைவி சுகந்தினி குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனபோது சின்ன மகள் யதுசிகா பால்குடி மறந்து கன நாள் ஆகவில்லை. மூத்தவள் தர்மிளா பள்ளிக்கூடம் போகிறவள். போனதற்குக் காரணம் பெரிய ரகசியம் இல்லை. வீட்டுத்திட்டத்தில் கிடைத்த வீடு கூரையோடு நின்றுவிட்டது. சுவருக்குப் பூச்சு இல்லை, அறைகளுக்குக் கதவு இல்லை. மழைக்குச் சுவர் ஊறிப் பிள்ளைகளுக்கு இழுப்பு வந்தது.

"ரண்டு வருசம்தானே, கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள ஓடிடும்" என்று வழியனுப்பும்போது வினோதன் சொன்னான். பிறகு கண்ணை மூட முடியாமல் கிடந்தவனும் அவன்தான். சின்னவள் படுக்கப் போகும் நேரத்தில் அழத் தொடங்குவாள். மூச்சு அடைக்குமட்டும் அழுவாள். தூக்கிக்கொண்டு முற்றத்தில் நடந்து பார்த்தான், சீனித்தண்ணீர் கொடுத்துப் பார்த்தான். ஒருநாள் தர்மிளாதான் அலுமாரியைத் திறந்து தாயின் பழைய சீலை ஒன்றை எடுத்து வந்து தங்கச்சியைப் போர்த்திவிட்டாள். யது சீலையின் கரையை வாயில் வைத்துக்கொண்டு அப்படியே நித்திரையாகிவிட்டாள்.

இதில் புதினம் ஒன்றும் இல்லை. தாயின் பழஞ்சீலைக்குள் படுக்காத பிள்ளை நம்மில் யார்? ஆனால் தர்மிளாவும் பிள்ளைதானே. தனக்கும் வேண்டும் என்றாள். அவள் ஒரு பக்கம் இழுக்க இவள் ஒரு பக்கம் இழுக்கச் சீலை கிழிந்தது. அதற்குள் மார்கழியும் வந்துவிட்டது. வயல்வெளியில் இருந்து வருகிற வாடைக்காற்றுக்கு ஒற்றைச் சீலை எந்த மூலைக்கு?

வினோதனின் தாய் ராக்காயி உயிரோடு இருந்த காலத்தில் அடிக்கடி சொல்லுகிற ஒரு கதை உண்டு. தோட்டத்தில் கொழுந்து எடுக்கப் போகிற பெண்கள் கைக்குழந்தையைப் பிள்ளை பார்க்கிற அறையான பிள்ளைக் காம்பராவில் விட்டுப் போவார்கள். போகும்போது தங்களுடைய சீலைத் துண்டு ஒன்றைப் பிள்ளைக்குப் பக்கத்தில் போட்டுவிட்டுப் போவார்கள். அந்த மணத்துக்குப் பிள்ளை அழாது. ராக்காயியே அப்படி வளர்ந்தவள்தான். அந்தக் கதை வினோதனின் நினைவுக்கு வந்தது.

வேலை இல்லாத ஒரு மழைநாளில் பாயை விரித்து அலுமாரியைக் கழுவி ஊற்றியதுபோலச் சீலைகளை எல்லாம் வெளியே எடுத்தான். கூறைச் சீலையை மட்டும் தொடவில்லை. கிளிப்பச்சை, மண்ணிறத்தில் புள்ளி போட்டது, கோயிலுக்குக் கட்டுகிற மஞ்சள், வயலுக்குக் கட்டிச் சாயம் போன நீலம். மடித்து, ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி, கிழிந்த இடத்துக்கு வேறு சீலையில் துண்டு வெட்டி வைத்தான். தர்மிளா பள்ளிக்கூடச் சோக்கால் கோடு கீறிக் கொடுத்தாள். நூலுக்குச் செலவில்லை. உரப்பையின் வாயில் போட்டிருக்கிற வெள்ளை நூலைச் சரியான நுனியில் பிடித்தால் ஒரே இழுவையில் வந்துவிடும். பிழையான நுனி என்றால் விடிய விடிய இருந்து நோண்ட வேண்டியதுதான். அந்த நூலை இழுத்துப் பந்தாகச் சுற்றிக் கொடுப்பது யதுவின் வேலை.

சாக்கு ஊசி, உரப்பை நூல், மூட்டைத் தையல். ஒவ்வொரு குத்தும் அரை விரல் நீளம். தைத்துக்கொண்டிருக்கும்போதே யது சீலை அடுக்கின்மேல் ஏறிப் படுத்து உறங்கிவிட்டாள். அவளை எழுப்பப் பயந்து வினோதன் அவளைச் சுற்றித் தைத்துக்கொண்டு போனான். அந்த இடத்தில் தையல் நேரே போகாமல் வளைந்து போனது.

கமலாசனி பால் கொண்டுவந்தவள் வாசலில் நின்றுவிட்டாள்.

"வினோதன், என்ன விசர் வேலை பாக்கிறாய்? உயிரோட இருக்கிறவளின்ர சீலையை வெட்டுறியே! செத்து அந்தியேட்டி முடிஞ்சாப் பிறகுதான்ரா சீலையைப் பிரிக்கிறது."

"அவ வந்தாப் புதுசு எடுப்பம் அக்கா. இப்ப இதுகள் குளிருக்கு நடுங்குதுகள்."

"குளிருக்குச் சந்தையில போர்வை இல்லையே?"

"இருக்குது. ஆனா அதில அவ இல்லையே அக்கா."

கமலாசனி பாலை வைத்துவிட்டுப் போய்விட்டாள். வாய்க்காலைக் கடக்கும்போது சீலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள் என்று தர்மிளா பிறகு சொன்னாள்.

ஆளுக்கொரு போர்வை. தர்மிளா தன்னுடையதைக் கிழமைக்கு ஒருக்கால் தோய்த்துக் கொடியில் போடுவாள். யது தன்னுடையதைத் தோய்க்க விடமாட்டாள். வாளியைக் கண்டாலே போர்வையைச் சுருட்டிக்கொண்டு கட்டிலுக்குக் கீழே போய்விடுவாள். போகப் போக அதற்கு அம்மா என்று பேரும் வந்துவிட்டது. "அம்மா எங்க?" என்று வீட்டில் யாராவது கேட்டால் போர்வையைக் காட்டுவாள். உண்மையில் அதில் என்ன மணம் மிஞ்சியிருந்தது என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம். பால், மூத்திரம், தேங்காய் எண்ணெய், குசினிப் புகை. எல்லாம் சேர்ந்ததுதான் அவளுக்கு அம்மா.

இதை வினோதன் குவைத்துக்குச் சொல்லவில்லை. போனில் முகம் பார்த்துக் கதைக்கும்போது கட்டில் தெரியாதபடி சுவர்ப் பக்கமாகத் திரும்பி நிற்பான். யது போனைக் கண்டால் கிட்ட வரமாட்டாள். "இஞ்ச ஒரு குறையும் இல்லை" என்பான். அங்கிருந்து சுகந்தினியும் அதையே சொல்லுவாள். வன்னியில் இருந்து வெளிநாட்டுக்கும் வெளிநாட்டில் இருந்து வன்னிக்கும் ஓடுகிற பொய்களில் இதுபோல மலிந்த பொய் வேறு இல்லை. நல்ல எண்ணத்தில்தான் சொல்லுகிறார்கள். நாசமாய்ப் போவதும் அதனால்தான்.

சுகந்தினி லீவில் வந்தது இரண்டு வருடம் முடிந்த மார்கழியில். வினோதன் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் போய்க் கூட்டிவந்தான். பரந்தனில் பஸ்ஸால் இறங்கி ஓட்டோ பிடித்து வீட்டு வாசலுக்கு வந்தபோது தூறிக்கொண்டிருந்தது. தர்மிளா ஓடிப்போய் இடுப்பைக் கட்டிப்பிடித்தாள். தாயின் தோளுக்கு வளர்ந்துவிட்டாள். யது கமலாசனியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கொஞ்ச நேரத்தால் மெல்லக் கிட்ட வந்தாள்.

"அன்ரி, உங்கட பைக்குள்ள என்ன இருக்குது?"

கமலாசனிதான், "அன்ரியோ? அம்மாவடி, வாய்க்கு ரண்டு போடுவன்" என்றாள். சுகந்தினி அவளைக் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"பறவாயில்லை அக்கா. பழகினாச் சரிவரும்." யதுவின் பக்கம் திரும்பினாள். "எல்லாம் உங்களுக்குத்தான் பிள்ளை. வாங்கோ, திறந்து பாப்பம்."

பைக்குள் சொக்லேட், பால்மா, சட்டைகள் இருந்தன. குவைத்தில் இருந்து வருகிறவர்கள் தவறாமல் கொண்டுவருகிற அந்தப் போர்வையும் இருந்தது. சிப் வைத்த பிளாஸ்ரிக் பைக்குள் அடைத்த, தூக்கினால் தோள் நோகிற, பெரிய ரோசாப்பூப் போட்ட போர்வை. யது சொக்லேட்டை எடுத்துக்கொண்டாள். போர்வையை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "இது அன்ரி போத்துறதோ?" என்று கேட்டாள்.

பின்னேரம் படுக்கையைத் தட்டப் போன சுகந்தினியின் கையில் யதுவின் போர்வை அகப்பட்டது. முதலில் அவளுக்கு விளங்கவில்லை. பிறகு கிளிப்பச்சையைக் கண்டாள், மஞ்சளைக் கண்டாள்.

"இஞ்சேருங்கோப்பா. இது என்ர சீலையள் அல்லோ?"

வினோதன் குசினி வாசலில் நின்று தலையைச் சொறிந்தான்.

"வெட்டினனீங்களோ? எல்லாத்தையுமோ? நான் செத்தே போனன்?"

"பிள்ளையளுக்குக் குளிர்..."

"குளிரெண்டா எனக்குச் சொன்னாப் போர்வை அனுப்பியிருக்க மாட்டனே? கலியாணம் முடிச்சு முதல் தீபாவளிக்கு நீங்கள் எடுத்துத் தந்த மஞ்சளப்பா இது."

அவள் அழப் போகிறாள் என்று வினோதன் நினைத்தான். ஆனால் அவள் போர்வையைக் கிட்டக் கொண்டுபோய்த் தையலைப் பார்த்தாள். பார்க்கப் பார்க்க முகம் மாறியது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டாள்.

"நெல்லு மூட்டையே தைச்சனீங்கள்? இதென்ன, இந்த இடத்தில தையல் குடிச்சுப்போட்டுப் போனது மாதிரி வளைஞ்சு போகுது?"

"அது தங்கச்சி படுத்திருந்த இடம் அம்மா" என்றாள் தர்மிளா. "அப்பா அவளை எழுப்பாமச் சுத்தித் தைச்சவர்."

சுகந்தினி சிரிப்பை நிறுத்திவிட்டு அந்த வளைவை விரலால் தடவினாள். விசயம் இவ்வளவோடு முடிந்திருக்கும். ஆனால் அந்தப் போர்வை அம்மா என்பதை அப்போதும் வினோதன் சொல்லவில்லை. இன்றைக்குத்தானே வந்தாள், நாளைக்குச் சொல்லுவோம் என்று இருந்துவிட்டான். தர்மிளா, அப்பா சொல்லியிருப்பார் என்று இருந்துவிட்டாள்.

மறுநாள் காலையில் வினோதன் கமலாசனியின் வயலுக்கு மருந்தடிக்கப் போய்விட்டான். தர்மிளா ரியூசனுக்குப் போய்விட்டாள். யது எழும்பிக் கோழிக்குஞ்சுகளுக்குப் பின்னால் திரிந்தாள். மழை விட்டுக் கொஞ்சம் வெயில் எறித்தது. இரண்டு வருடமாக ஊரான் பிள்ளைகளின் விரிப்பையும் போர்வையையும் தோய்த்து, மினுக்கி, மடித்து வைத்தவள் சுகந்தினி. தன் பிள்ளை போர்க்கிறது கரிபிடித்து, மூத்திரம் நாறி, கரை எல்லாம் சூப்பிச் சூப்பி விறைத்துக் கிடக்கிறது. எந்தத் தாய் பார்த்துக்கொண்டு இருப்பாள்? வாளியில் ஊறப்போட்டாள். கல்லில் அடித்தாள். சவுக்காரம் போட்டுக் கும்மினாள். கடைசியாகக் குவைத்தில் இருந்து கொண்டுவந்த, உடுப்புக்கு வாசம் வைக்கிற நீலத் தண்ணீரில் ஒரு மூடி விட்டு அலசினாள். கிணற்றடியே பூக்கடை போல மணந்தது.

வேலிக்கு வெளியே போன கமலாசனி எட்டிப் பார்த்து, "நல்லாப் போட்டுத் தோய் பிள்ளை. அது தண்ணியைக் கண்டு யுகமாச்சு" என்றாள். அவளுக்கும் முழுக்கதை தெரியாது.

சுகந்தினி பிழிந்து கொடியில் விரிக்கும்போது யது வந்தாள். கொடியைப் பார்த்தாள். வாளியைப் பார்த்தாள். ஓடிவந்து ஈரப் போர்வைக்குள் முகத்தைப் புதைத்து மூச்சை இழுத்தாள். திரும்பவும் இழுத்தாள். அதற்குப் பிறகு வந்த சத்தத்துக்குக் கமலாசனி வாய்க்காலுக்கு அங்கால் இருந்து ஓடிவந்தாள்.

"அம்மாவை ஏன் தண்ணிக்குள்ள போட்டனீங்கள்? அம்மா போயிட்டா! அம்மா இல்லை!"

சுகந்தினி அவளைத் தூக்கப் போனாள். யது உதைத்தாள், கடித்தாள். "நீங்கள் போங்கோ அன்ரி, உங்கட வீட்டை போங்கோ" என்றாள். பிறகு கொடிக்குக் கீழே, தண்ணீர் சொட்டுகிற இடத்தில் குந்திவிட்டாள். தூறல் தொடங்கியும் எழும்பவில்லை. சுகந்தினி ஒரு குடையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றாள். கிட்டப் போனால் அழுகை கூடியது. அதனால் குடையை மட்டும் நீட்டிப் பிடித்துக்கொண்டு தான் நனைந்தாள்.

மத்தியானம் வினோதன் மருந்துத் தாங்கியோடு வந்தான். கொடியைக் கண்டதும் வாசல் படலையடியிலேயே நின்றுவிட்டான்.

"என்ன செய்தனி சுகந்தி?"

"தோய்ச்சனான். வேற என்ன? ஒரு பிள்ளை போத்துற சாமானே அது?"

"அவள் அதைத் தோய்க்க விடமாட்டாள்..."

"விடமாட்டாளெண்டா? நாலு வயசுப் பிள்ளை. வீட்டில பெரியாள் நீங்களே, அவளே?"

வினோதன் தாங்கியை இறக்கி வைத்தான். மகளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே வந்தான். அவள் அவனுடைய சேட்டைப் பிடித்துக்கொண்டு விக்கிக்கொண்டிருந்தாள்.

"அவளுக்கு அதுதான் அம்மா. அதில உன்ர மணம் இருக்குதெண்டு சொல்லித்தான் நான் அவளைப் படுக்கப் போடுறனான். சொல்லிச் சொல்லி அதையே அம்மா எண்டு கூப்பிடத் தொடங்கிட்டாள்."

சுகந்தினி ஈரத்தோடு கதிரையில் இருந்தாள்.

"ஏன் எனக்குச் சொல்லேல்ல? போன் எடுக்கேக்க எல்லாம் கதைச்சனாங்கள்தானே. மழை பெஞ்சதைச் சொன்னீங்கள். அக்காவின்ர மாடு கண்டு போட்டதைச் சொன்னீங்கள். இதைச் சொல்ல வாயில்லையே உங்களுக்கு?"

"என்னெண்டு சொல்லுறது? உன்ர பிள்ளை ஒரு துணியைக் கட்டிப்பிடிச்சு அம்மா எண்டு கூப்பிடுறாள் எண்டோ? அங்க இருந்து நீ அழுதா ஆர் உன்னைத் தேத்துறது?"

"அழுதிருப்பன். அழுதிட்டு, வந்த இடத்தில அதைத் தொடாமலெண்டாலும் விட்டிருப்பன்."

"நேற்றுச் சொல்லியிருக்கலாம்" என்றான் வினோதன். "என்னிலதான் பிழை."

"உங்களில மட்டுமில்லை." அவள் எழும்பிப் போய்த் தன் கைப்பையைக் கொண்டுவந்தாள். அடியில் இருந்து முடிச்சுப் போட்ட பொலித்தீன் பை ஒன்றை எடுத்து அவிழ்த்தாள். உள்ளே ஒரு சின்னச் சட்டை. யது குழந்தையாக இருந்தபோது போட்டது, நெஞ்சில் பால் காய்ந்த கறையோடு.

"போற அண்டைக்கு ஊத்தை உடுப்புக் கூடைக்குள்ள இருந்து எடுத்தனான். தலையணைக்குக் கீழ வைச்சிருந்தனான். ஒருக்காலும் தோய்க்கேல்ல. மேடம் ஒருநாள் மெசினுக்குள்ள போடப் போகேக்க காலில விழாத குறையாக் கெஞ்சி வாங்கினனான். எனக்குத் தெரிஞ்சிருக்க வேணும். ஊரில ஆருக்குத் தெரியாட்டிலும் எனக்குத் தெரிஞ்சிருக்க வேணும். என்ர கையாலயே தோய்ச்சன், மடச்சி."

அடுப்பில் சோறு அடிப்பிடிக்கிற மணம் வந்தது. இருவருமே எழும்பவில்லை.

மார்கழி மழைக்குள் அந்தப் போர்வை காய்வதாக இல்லை. கொடியில் கிடந்து, பிறகு குசினிக்குள் அடுப்புக்கு மேல் கிடந்து, பூஞ்சணம் மணக்கத் தொடங்கியது. அந்த நாள்களில் யது தகப்பன் இடுப்பில் கட்டுகிற சாரத்துக்குள் படுத்தாள். தர்மிளா தன் போர்வையைக் கொடுத்துப் பார்த்தாள். அது சவுக்கார மணம் என்று தள்ளிவிட்டாள். ரோசாப்பூப் போர்வை பைக்குள்ளேயே இருந்தது. ஒருவழியாகக் காய்ந்து எடுத்தபோது சாக்குத் தையல் நெடுகச் சீலை இற்று விட்டுப்போயிருந்தது. பழஞ்சீலை, கல்லில் அடித்தால் தாங்குமா? நடுவில் ஒரு கை நுழைகிற கிழிசல்.

சுகந்தினி பாயை விரித்து இருந்தாள். "யது, இதைத் தைக்க வேணும். அன்ரிக்கு நூல் கோத்துத் தாறீங்களே?" என்றாள். தன்னை அன்ரி என்று அவளே சொன்னது அதுதான் முதல் தடவை. தர்மிளா தாயைத் திரும்பிப் பார்த்தாள்.

யது தூரத்தில் இருந்து பார்த்தாள். போர்வையை வேறு ஆள் தைக்கிறதைப் பார்த்துக்கொண்டிருக்க அவளால் முடியவில்லை. உரப்பை நூல்பந்தைக் கொண்டுவந்து வைத்தாள். ஊசிக்கண் பெரியது; சின்ன விரலாலும் லேசாகக் கோக்கலாம். சுகந்தினி வீட்டுப் பழக்கத்தில் நெருக்கமாக, சின்னச் சின்னதாகத் தைக்கத் தொடங்கினாள்.

"அப்பிடி இல்லை. அப்பா மாதிரித் தையுங்கோ."

"அப்பா என்னெண்டு தைச்சவர்? காட்டுங்கோ பாப்பம்."

யது அவளுடைய கையைப் பிடித்து ஊசியைத் தள்ளி வைத்தாள். அரை விரல் இடைவெளி. குத்தி, இழுத்து, இறுக்கி. பிள்ளையின் கை தன் கைமேல் இருந்தமட்டும் சுகந்தினி மூச்சுவிடவும் பயந்தாள். கிழிசலுக்கு மேல் வைக்க அந்தச் சின்னச் சட்டையை எடுத்தாள்.

"இது ஆற்ற சட்டை?"

"உங்கடதான். சின்னனில போட்டது."

"உங்களிட்ட ஏன் இருக்குது?"

"உங்கட அம்மா என்னட்டத் தந்துவிட்டவா" என்றாள் சுகந்தினி. வேறு என்ன சொல்லுவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

தர்மிளாவும் வந்து ஒரு கரையைப் பிடித்தாள். மூன்று பேருமாக அன்று பின்னேரம்வரை தைத்தார்கள். தேத்தண்ணீரும் பாயிலேயே குடித்தார்கள். வினோதன் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, குழப்பக் கூடாது என்று சத்தம் போடாமல் கிணற்றடிக்குப் போனான். எல்லாம் முடிந்ததும் யது போர்வைக்குள் முகத்தை வைத்துப் பார்த்தாள்.

"மணக்கேல்ல."

"அம்மா கட்டினபடியாத்தான் முந்தி மணம் வந்தது" என்றாள் தர்மிளா. "இவ கொஞ்ச நாள் போத்திக்கொண்டு படுத்தாத் திரும்ப வரும்."

யது தாயை மேலும் கீழும் பார்த்தாள். நம்பிக்கை இல்லாத பார்வைதான். ஆனால் வேறு வழி?

"அப்ப அன்ரி போத்துங்கோ. மணம் வந்த உடன எனக்குத் தர வேணும்."

அன்றிலிருந்து சுகந்தினிக்கு அதுவே வேலை. குவைத்தில் இருந்து கொண்டுவந்த வாசச் சவுக்காரத்தைக் கமலாசனிக்குக் கொடுத்துவிட்டாள். தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைத்தாள். கமலாசனியின் வயலில் போய்ப் புல்லுப் பிடுங்கி, வியர்வையோடு வந்து, நடு மத்தியானத்தில் போர்வையைப் போர்த்துக்கொண்டு அடுப்படியில் இருப்பாள். கமலாசனி கண்டுவிட்டு, "காய்ச்சலே பிள்ளை?" என்று கேட்டாள். விசயத்தைச் சொன்னபோது சிரிக்க வந்தவள் சிரிக்கவில்லை.

ஒவ்வொரு காலையும் யது வருவாள். பாயில் முழங்காலில் இருந்து, போர்வைக்குள் மூக்கை வைத்து இழுப்பாள். "இன்னும் வரேல்ல" என்று அறிவித்துவிட்டுப் போவாள். முதலில் கரையை மட்டும் மணந்தாள். பிறகு கழுத்துப் பக்கம் மணந்தாள். ஒருநாள் மணந்துவிட்டு அப்படியே தாயின் மடியில் கொஞ்ச நேரம் இருந்து கோழிக்குஞ்சு செத்த கதையைச் சொன்னாள். அந்த மணம் வராமலே இருந்துவிடட்டும் என்று சுகந்தினி பிள்ளையாரிடம் நேர்ந்தாள். வெளியில் சொல்லாத நேர்த்தி அது.

தைப்பொங்கலும் போனது. வயல் பழுத்து, ஆலையைக் கூட்டித் துப்புரவாக்கத் தொடங்கினார்கள். லீவு முடிகிற நாள் கிட்ட வந்தது.

"போகாம விடன் சுகந்தி" என்றான் வினோதன்.

"பூச்சு அரைவாசியில நிக்குதப்பா. கதவு போடாத வீட்டில ரண்டு பொம்பிளைப் பிள்ளையள். இன்னும் ஒரேயொருக்கால். பிறகு ஆர் கூப்பிட்டாலும் போகமாட்டன்."

"போன முறையும் இதைத்தான் சொன்னனி."

"போன முறை நீங்கள்தானே சொன்னனீங்கள், கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள ஓடிடுமெண்டு."

போ என்று சொல்லவும் அவனுக்கு வாய் வரவில்லை, இரு என்று மறிக்கவும் கையில் வழி இல்லை.

பெட்டி அடுக்கும்போது சுகந்தினி ஊத்தை உடுப்புக் கூடைக்குள் கையை விட்டு யதுவின் சட்டை ஒன்றை எடுத்துக் கைப்பையின் அடியில் வைத்தாள். தர்மிளா கண்டுவிட்டாள். உள்ளே போய்த் தான் போட்டிருந்த சட்டையைக் கழற்றி மாற்றிக்கொண்டு வந்தாள்.

"என்ரயையும் கொண்டுபோங்கோ அம்மா. முந்தி நீங்கள் போகேக்க என்ரயைக் கொண்டுபோகேல்ல."

சுகந்தினி அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். பெரியவள், விளங்கிக்கொள்ளுவாள் என்று விட்டுவிட்டோமே என்ற நினைப்பு அவளுடைய நெஞ்சை அறுத்தது.

போகிற நாள் காலையில் யது வழக்கம்போல வந்தாள். சுகந்தினி போர்வையைத் தோளோடு போர்த்துக்கொண்டு பாயில் இருந்தாள். பிள்ளை முழங்காலில் இருந்து மூக்கை வைத்தாள். இழுத்தாள். தலையைத் தூக்கவில்லை. திரும்பவும் இழுத்தாள். முகம் மலர்ந்து வந்தது.

"வந்திட்டுது!"

அவ்வளவுதான். போர்வையைச் சுகந்தினியின் தோளில் இருந்து உருவி எடுத்து, இரண்டு கையாலும் நெஞ்சோடு சேர்த்துக் கட்டிப்பிடித்துக்கொண்டு எழும்பினாள். அது நிலத்தில் இழுபட இழுபட முற்றத்தில் நின்ற தகப்பனிடம் ஓடினாள்.

"அப்பா! அம்மா வந்திட்டா! அம்மா திரும்பி வந்திட்டா!"

வினோதன் மகளைத் தூக்கினான். அவளுடைய தலைக்கு மேலால் வாசலைப் பார்த்தான். சுகந்தினி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். படலையடியில் ஓட்டோ வந்து நின்றது.

"ஓம் பிள்ளை, வந்திட்டா" என்றாள் சுகந்தினி. "இனி ஆர் வந்து கேட்டாலும் தோய்க்கக் குடுக்காதையுங்கோ."